பெயர் போடாத கதை

சனிக்கிழமை காலை பத்து மணி. கொழும்பு வெள்ளவத்தை வாசிப்பு மையத்தின் நீள மேசையில் இருபத்தைந்து பிரதிகளைப் பக்கம் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்த ஜீவராணிக்கு, ஏழாவது பிரதியில்தான் விளங்கியது, தான் அடித்துக்கொண்டிருப்பது தன்னுடைய கதையை என்று. ஸ்டேப்லரை அமுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

மற்ற எழுத்தாளர்கள் என்றால் தங்கள் எழுத்து இருபத்தைந்து பிரதியாகக் கிடப்பதைக் கண்டு துள்ளியிருப்பார்கள். இவளோ பிரதிகளைக் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் இவள் எழுத்தாளரே இல்லை. மையத்தைக் கூட்டித் துடைப்பவள், கதிரை போடுபவள், கூட்டத்துக்குப் பிளேன்டீயும் வடையும் கொடுப்பவள். மையம் இருப்பது கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், அருந்ததி மிஸ்ஸின் வீட்டுக் கீழ்த்தளத்தில். மிஸ் மேல்மாடியில். ஜீவராணியும் மகள் துஷாந்தினியும் பின்பக்கத்து ஒற்றை அறையில். வாடகை கிடையாது. மிஸ் கொடுத்த இடம், மிஸ் கொடுத்த வேலை. அந்தக் கதையிலே வருகிற வீட்டுக்காரியும், ஐயோ, அதே மிஸ்தான்.

இப்போது சொல்லுங்கள், கை நிற்குமா நிற்காதா?

இந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் பச்சை நிறத் தபால் பெட்டி ஒன்று தொங்குகிறது. யாரும் கதை எழுதிப் பெயர் போடாமல் அதில் போடலாம். நடத்துநர் சிவபாதசுந்தரம் மாதம் ஒன்றைத் தெரிவுசெய்து போட்டோப் பிரதி எடுப்பார். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஒருவர் அதை உரத்து வாசிப்பார். மற்றவர்கள் ஒரு மணித்தியாலம் அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் கூட்டத்துக்குள்ளேயே இருந்தாலும் மூச்சுக் காட்டக்கூடாது. முடிவில் “எழுதினவர் எழும்பலாம்” என்பார் சிவபாதசுந்தரம். எழும்பியவர் ஏற்புரை சொல்லவேண்டும். சொன்ன திருத்தங்களில் எதை ஏற்கிறார், எதை ஏற்கவில்லை என்பதுதான் ஏற்புரை. எழும்பாவிட்டாலும் குற்றமில்லையாம். ஆனால் நாலு வருஷத்தில் எழும்பாமல் இருந்தவர் ஒருவருமில்லை. எழுதுகிறவர்களின் குணம் தெரியாதா? பாதிப்பேர் கேட்க முன்பே எழும்பிவிடுவார்கள்.

நாலு வருஷமாகக் கதவோரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் ஜீவராணிக்கும் அந்த ஆசை வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டினாள். காலி வீதிக் கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்தார்கள். பெட்டியில் போட்டதும் மகள்தான்.

“மிஸ்ஸு பாத்துட்டா என்னாடி செய்யிறது?” என்று இவள் அப்போதே கேட்டாள்.

“மிஸ்தான் எட்டு மாசமா கீழ எறங்குறதே இல்லயே. சும்மா பயப்புடாதீங்கம்மா.”

அது உண்மைதான். இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு மிஸ் படி இறங்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் போட்டார்கள்.

“ஜீவராணி, பின் அடிச்சு முடிஞ்சுதோ?” சிவபாதசுந்தரம் உள்ளே வந்தார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நேரத்துக்குச் செய்து முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. “ஒரு பிரதியை இப்பவே மேல கொண்டுபோய் அருந்ததி மிஸ்ஸிட்டக் குடு. நாளைக்கு அவவும் வாறா. டொக்டர் படி இறங்கலாம் எண்டு சொல்லிட்டாராம்.”

ஜீவராணி ஸ்டேப்லரைக் கீழே வைத்தாள்.

“ஐயா, இந்தக் கதய இந்த மாசம் விட்டுட்டு வேற ஒன்ன வாசிக்கலாமேங்க?”

“ஏன்?”

“இல்லங்க, கொஞ்சம் சோகமா இருக்குங்க. மிஸ்ஸு இப்பத்தான் சுகமாகி வாறாங்க.”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீ வாசிச்சிட்டியோ?”

“ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சுங்க.”

“சோகமா இருந்தா இருக்கட்டும். சிரிக்கிற கதை வேணுமெண்டா டிவியைப் போட்டுப் பாக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு அவர் ஒலிவாங்கி வயரைத் தேடப் போய்விட்டார்.

இப்போது கதைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன், சண்டை நடந்த காலம். கொழும்பில் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் பதிந்து வைக்கவேண்டும். படிவத்தில் பெயர் இல்லாத ஆள் வீட்டில் நின்றால் தொலைந்தது. அப்போது ஜீவராணிக்கு இருபத்துமூன்று வயது, மிஸ்ஸின் வீட்டில் சமையல் வேலை. தோட்டத்தில் பிறந்த பல பேரைப் போல அவளுக்கும் அடையாள அட்டை எடுத்திருக்கவில்லை. ஒருநாள் காலை, சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. படிவத்தைப் பார்த்தார்கள், தலையை எண்ணினார்கள். இவளுடைய பெயர் அதில் இல்லை. துருவிய கையோடு ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்று நாள். அந்த மூன்று நாளையும் கதையில் பத்து வரியில்தான் எழுதியிருந்தாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் மிஸ் ஒரு லோயரோடு வந்து கூட்டிப்போனார். ஓட்டோவில் வைத்து, “உன்ட பேர் விடுபட்டுப் போச்சு ராணி,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததேயில்லை. ஜீவராணி கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள், கட்டாருக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டான், கைக்குழந்தையோடு திரும்பி வந்து இதே வீட்டுக் கதவைத் தட்டினாள். மிஸ் ஒரு கேள்வி கேட்காமல் பின்னறைத் திறப்பைக் கையில் கொடுத்தார். இதற்குள் எங்கே அந்தப் பழங்கதையை எடுப்பது?

கதையில் பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருந்தாள். வீட்டையும் தெகிவளைக்குக் கொண்டுபோயிருந்தாள். என்ன பிரயோசனம்? மூன்றாம் பக்கத்தில் “பேர் விடுபட்டுப் போச்சு” என்ற வசனம் அப்படியே கிடந்தது.

ஜீவராணி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேலே கொண்டுபோகிற பிரதியின் பின்னை நகத்தால் கழற்றினாள். மூன்றாம் பக்கத்தை உருவி மடித்துச் சட்டைக்குள் செருகினாள். மிச்சத்தைத் திரும்பப் பின் அடித்தாள். புத்தி கெட்ட வேலைதான். பயம் பிடித்தால் மனிசருக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது?

மிஸ் கட்டிலில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். “வைச்சிட்டுப் போ,” என்றார். ஜீவராணி படி இறங்கி அரைவாசி வரவில்லை, மேலே மிஸ் கூப்பிடும் மணி அடித்தது. நாற்பது வருஷம் கட்டுரைக் கொப்பி திருத்தியவரிடம் பக்கம் ஒளிக்கப் பார்த்தால் இப்படித்தான்.

“ராணி, இதில மூண்டாம் பக்கம் எங்க?”

“இல்லையாங்க மிஸ்?”

“ரெண்டுக்குப் பிறகு நாலு கிடக்கு. கீழ மற்றப் பிரதியள் இருக்குத்தானே, ஒண்டு எடுத்துக்கொண்டு வா. ஏன் பிள்ளை உனக்கு இப்பிடி வேர்க்குது?”

“படி ஏறி எறங்குனதுங்க மிஸ்.”

முழுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதோடு மேல்மாடி ஊமையாகிவிட்டது. வழக்கமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கிற மணி அன்று அடிக்கவேயில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனபோது மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பிரதி மடியில் கிடந்தது, அதற்கு மேல் சிவப்புப் பேனை. ஜீவராணி தட்டை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

அன்று முழுக்க அவள் மனதுக்குள் சாமான் கட்டினாள். மிஸ் போகச் சொன்னால் போக இருப்பது கொட்டாஞ்சேனையில் நாத்தனாரின் ஒற்றை அறை. அதில் ஏற்கனவே ஆறு பேர், வாசலில் அடுப்பு. மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் ஓ.எல். சோதனை. எங்கே இருந்து படிப்பாள்? ஒரு கதைக்காகப் பிள்ளையின் படிப்பில் மண் அள்ளிப் போட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஜீப் கதவு மூடிய அன்றைக்கு வந்த நடுக்கம் திரும்ப வந்துவிட்டது.

ஞாயிறு நாலு மணிக்கு மிஸ் இறங்கி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகை சிவபாதசுந்தரத்தின் தோளில். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். முன்வரிசை நடுக் கதிரையில் மிஸ்ஸை இருத்தினார்கள். ஜீவராணி கதவோரத்துக்குப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். மகள் கொட்டாஞ்சேனையில் டியூஷனுக்குப் போயிருந்தாள். அது ஒரு ஆறுதல், அவள் பார்க்கமாட்டாள்.

வாசித்தது ஸீனத் டீச்சர், கொம்பனித்தெருக்காரி, செய்தி வாசிப்பது போல வெட்டி வெட்டி வாசிப்பவர். அன்று ஏனோ மூன்றாம் பக்கத்தில் குரல் இறங்கிவிட்டது. “வீட்டுக்காரம்மா மறந்துதான் போயிருந்தார். எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் ஒரு வேலைக்காரியின் பெயர் மறந்துபோவது பெரிய காரியமா? லோயர் கிடைக்காததால்தான் மூன்று நாள் ஆனது.” தன் வார்த்தையை இன்னொருவர் வாயில் கேட்கையில் ஜீவராணிக்கு உடம்பு கூசியது. மிஸ்ஸின் பின்னங்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

வாசிப்பு முடிந்ததும் பிரித்து மேய்தல் தொடங்கியது. நோபேட் முதலில். அச்சகமொன்றில் எழுத்துப் பிழை பார்த்தே முடி நரைத்தவர், எந்தக் கதையையும் கதை என்று ஒத்துக்கொண்டதில்லை.

“இது கதையில்லை, அனுபவக் குறிப்பு. கதையெண்டா ஒரு திருப்பம் வேணும். பெட்டை உள்ள போகுது, வெளிய வருகுது. பிறகென்ன?”

“போய் வந்தாத்தான் தெரியும் நோபேட், பிறகென்ன எண்டு,” என்றார் ஸீனத் டீச்சர் சுள்ளென்று.

ஒருவர் பேச்சுமொழி கூடிவிட்டது என்றார். இன்னொருவர் கூடவில்லை, இன்னும் வேண்டும் என்றார். தேங்காய் துருவிய கையோடு என்பது நன்றாக இருக்கிறதாம், ஆனால் மூன்று நாளை எழுத்தாளர் சோம்பலில் சுருக்கிவிட்டாராம். சோம்பலாம்! ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அந்த ஆளுக்கு வடை கொடுத்திருக்கமாட்டாள்.

“மிஸ், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே,” என்றார் சிவபாதசுந்தரம்.

ஊன்றுகோலைப் பிடித்து மிஸ் எழும்பினார். இருந்து கதையுங்கோ என்று பலர் சொன்னார்கள், கேட்கவில்லை. கையில் இருந்த பிரதியில் மூன்றாம் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. இதோ சொல்லப்போகிறார், இத்தனை பேருக்கு முன்னால் கதவைக் காட்டப்போகிறார் என்று ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்தக் கதையில ரெண்டு பெரிய பிழை இருக்கு,” என்றார் மிஸ், வகுப்பில் சொல்வது போலவே. “முதலாவது, வீட்டுக்காரி மறந்துபோனா எண்டு எழுதியிருக்கு. நான் நம்பமாட்டன். அவ மறக்கேல்லை.”

“அப்ப வேணுமெண்டு விட்டவ எண்டு சொல்லுறியளோ?” நோபேட் நிமிர்ந்தார். அவருக்குத் திருப்பம் கிடைத்துவிட்டது.

“ஓம். அந்த வீட்டில ஒரு பெடியனும் இருந்திருப்பான். இருபத்திரண்டு வயது மகன். கதையில அவன் இல்லை. ஏனெண்டு தெரியேல்லை, எழுதினவர் பாவம் பாத்து விட்டிருக்கலாம். அந்தப் பெடியன் கிளிநொச்சியில பிறந்தவன். கிளிநொச்சியெண்டு அட்டையில கிடந்தாலே அந்த நேரம் பிடிப்பினம். அட்டையே இல்லாத பெட்டையின்ட பேரைப் படிவத்தில போட்டால், ஆர் இவ எண்டு கேட்டு வீட்டுக்கு வருவினம். வந்தால் அவனையும் விசாரிப்பினம். அந்தத் தாய் முதல்ல பெட்டையின்ட பேரை எழுதியிருப்பா. பிறகு வேற படிவம் எடுத்து, அவளை விட்டுட்டு எழுதியிருப்பா.”

கடலோரம் ரயில் ஒன்று போனது. மிஸ் அது போய் முடியும்வரை நின்றார்.

“ரெண்டாவது பிழை, லோயர் கிடைக்கேல்லை எண்டது. லோயர் முதல் நாளே கிடைச்சிருப்பார். ஆனா பெடியனைப் பிளேன் ஏத்தும் வரைக்கும் பொலிஸுக்குப் போய் எங்கட விலாசத்தை ஞாபகப்படுத்தக்கூடாது எண்டு அவ இருந்திருப்பா. அவன் ஏறினாப் பிறகுதான் போயிருப்பா.” “எங்கட” என்று சொன்னதை அவர் கவனித்தாரோ தெரியாது, திருத்தவில்லை. “இன்னும் ஒண்டு. ஜீப் வெளிக்கிட்ட நேரம், மகனை விட்டுட்டுப் போறாங்கள் எண்டு அந்தத் தாய்க்குச் சந்தோஷமா இருந்திருக்கும். அதை எழுதாட்டில் இந்தக் கதை பொய்.”

சொல்லிவிட்டு இருந்தார். பிரதி கையில் இருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

ஜீவராணி கண்ணைத் திறந்தாள். பதினெட்டு வருஷம் அவள் அந்த மறதியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டில் சமைத்தாள், கூட்டினாள், மிஸ்ஸுக்கு இடுப்பு முறிந்தபோது மலசலம் எடுத்தாள். மறந்துவிட்டார் என்றால் மன்னிக்கலாம். ஒரு படிவம் எழுதி, கிழித்து, இன்னொன்று எழுதினார் என்றால் என்ன செய்வது? அடக்கமாட்டாத கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளும் பயம் போகவில்லை. மிஸ் ஒருதரம்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வடைத் தட்டைத் தூக்கினால் எல்லாம் அப்படியே இருக்கும், அறையும் இருக்கும், ஓ.எல்.லும் நடக்கும்.

சிவபாதசுந்தரம் தொண்டையைச் செருமினார். “எழுதினவர் எழும்பலாம். எழும்பாட்டிலும் குற்றமில்லை.”

கதிரையில் இருந்தவர்கள் ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. எப்படி எழும்புவார்கள்? எழுதியவள் தொடக்கத்தில் இருந்தே நின்றுகொண்டுதானே இருக்கிறாள்.

ஜீவராணி சுவரில் இருந்து முதுகை எடுத்தாள். கதிரைகளுக்கு நடுவால் முன்னே வந்தாள். தேநீர் கொண்டுவருகிறாள் என்று நினைத்து ஒருவர் காலை ஒதுக்கிக்கொண்டார்.

“எழுதுனது நாந்தாங்க,” என்றாள். குரல் காற்றாய்த்தான் வந்தது. இன்னொரு தரம் சொன்னாள். நோபேட்டின் வாய் திறந்தபடி நின்றது.

“ஏற்புரை,” என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார் சிவபாதசுந்தரம். அந்த மனிதருக்கு இந்த நேரத்திலும் ஒழுங்கு தவறக்கூடாது.

“மிஸ்ஸு சொன்ன ரெண்டு திருத்தத்தயும் ஏத்துக்கிறேங்க. மறந்துட்டாங்கன்னு எழுதுனத வெட்டிடுறேன். லோயர் கெடைக்கலன்னு எழுதுனதயும் வெட்டிடுறேன்.” மூச்சு எடுத்தாள். “அவங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு மட்டும் என்னால எழுத முடியாதுங்க. அது எனக்குத் தெரியாது. அத மிஸ்ஸே எழுதட்டும்.”

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அழுகை பீறிட்டு வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள்.

“எங்களப் போகச் சொல்லுறதுன்னா சொல்லுங்க மிஸ். பிள்ளைக்குச் சோதன முடியிற வரைக்கும் மட்டும் இருக்க விடுங்க. அதுக்குப் பொறகு நாங்க போயிடுறோம்.”

மிஸ் அவளை அப்போதுதான் பார்த்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

“உன்னைப் போகச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கு?” என்றார். பிறகு, பக்கத்துக் கதிரைக்கும் கேட்காத குரலில், “அந்த மூண்டு நாளும் உனக்குச் சாப்பாடு தந்தவங்களோ, ராணி?” என்று கேட்டார்.

ஜீவராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பதினெட்டு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“ரெண்டாவது நாள் தந்தாங்க மிஸ்,” என்றாள்.